பூ வைக்கும்வரை

அப்பாவின் நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்ட டாக்டரம்மா, “கையக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க, அவர் அசையக் கூடாது” என்றார். பிடித்துக்கொண்டேன். ஸ்கேன் திரையில், சுற்றிலும் நீர் கோத்திருந்த அப்பாவின் இதயம், தொட்டித் தண்ணீரில் விழுந்த கோழிக்குஞ்சுபோலத் தத்தளித்தது. நெஞ்சிலிருந்த இந்தத் தண்ணீரைக் காட்டித்தான் அப்பா என்னைக் கல்யாணத்துக்குப் பணியவைத்தார். “நான் தேற மாட்டேன் பாப்பா. கண்ண மூடுறதுக்குள்ள உன்னை ஒருத்தன் கையில ஒப்படைச்சுட்டா நிம்மதியாப் போவேன்” என்று மூச்சிரைக்க மூச்சிரைக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் நான். பெங்களூரில் கிடைத்த வேலையை வேண்டாமென்று எழுதிப்போட்டுவிட்டு நேற்றுத் தலையைக் குனிந்தேன். மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்துவிட்டுப் போனார்கள். அந்த மல்லிகை இப்போது ஆஸ்பத்திரித் தொப்பிக்குள் வாடிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா திரையைப் பார்த்தபடியே நீள ஊசியை உள்ளே செலுத்தினார். மஞ்சள் நீர் சிரிஞ்சில் ஏற ஏற, இதயம் தாராளமாக விரிந்து அடித்தது. “இவ்வளவுதான் விஷயம். ரெண்டு மாசம் முன்னாடியே எடுத்துடலாம்னேன். ‘பொண்ணுக்குப் பூ வெக்கிற வரைக்கும் உள்ளயே இருக்கட்டும்’னு எந்திரிச்சுப் போயிட்டார் உங்கப்பா” என்று சிரித்தார்.

எனக்காகத்தான் அந்தத் தண்ணீரை நெஞ்சில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

அப்பாவின் விரல்கள் என் கையிலிருந்து நழுவப் பார்த்தன. நான் விடவில்லை.

“கோவமா பாப்பா?” என்றார், பல மாதங்களுக்குப் பிறகு மூச்சிரைக்காமல்.

“பேசாதீங்க” என்றேன். “ஊசி உள்ள இருக்கு.”