சுருக்கு வைத்த தக்காளி

"பால்காரன் நம்ம பேத்திக்கு விஷம் வைக்கப் பாத்தாண்டி!"

மொட்டைமாடியிலிருந்து டெய்லர் போட்ட சத்தத்தில், அவர் மனைவி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

தக்காளி இலையெல்லாம் பாவாடைக்குச் சுருக்கு வைத்த மாதிரி சுருண்டு கிடந்தது. 'பேத்தி வாயில வைக்கிற முதல் காய் நம்ம தோட்டத்துக் காய்தான்' என்று மகளிடம் அளந்துவிட்டிருந்தார் டெய்லர். ஞாயிற்றுக்கிழமை குழந்தை வருகிறாள்.

"பூச்சியா இருக்கும்."

"பூச்சியா? இங்க வந்து பாரு. இந்த டப்பாவுல வெறும் மண்ணு. அந்த டப்பாவுல பால்காரன் குடுத்த எரு கலந்தது. ரெண்டுலயும் ஒரே பீன்ஸ் விதைதான் போட்டேன்."

வெறும் மண்ணில் முளைத்தது ஊசிபோல் நிமிர்ந்து நின்றது. எருவில் முளைத்தது கேள்விக்குறியாய்க் கூனியிருந்தது.

"பாவம், அவன் சும்மா குடுத்த எருவாச்சே!"

"சும்மா குடுக்கும்போதே சந்தேகப்பட்டிருக்கணும்!"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டெய்லர் கேள்விக்குறியைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

விதைக்கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது களைக்கொல்லி வேலை சார். ஒருவகை இருக்கு, அடிச்சா களை சாகும், புல்லு ஜம்முனு நிக்கும். அந்தப் புல்லை மாடு தின்னா, மருந்து சாணி வழியா எருவுக்கு வந்துரும்."

"காயைச் சாப்பிடலாமா?"

"குழந்தைக்குன்னா நான் குடுக்க மாட்டேன்."

"மாடு தின்கிற புல்லுல மருந்தடிக்கிறவன் மனுஷனாய்யா?"

கடைக்காரருக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

டெய்லர் நேரே மாட்டுக்கொட்டகைக்குப் போனார். பால் வாங்க வந்தவர்கள் சொம்பும் கையுமாக வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏம்பா, எந்தப் பாவிகிட்ட புல்லு வாங்குற? ஆளைக் காட்டு. நாலு பேர் முன்னால நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கிறேன்!"

பால்காரர் திருதிருவென்று விழித்தார்.

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? உங்க வீட்டு வாசப் புல்லுதான்! நீங்க வெட்டிக் குப்பைக்குன்னு கட்டி வைக்கிற மூட்டையை அண்ணி எங்கிட்ட குடுத்துடுவாங்க. அதுக்குத்தான சும்மா எரு போடறேன்?"

டெய்லர் கையிலிருந்த கேள்விக்குறியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு நழுவப் பார்த்தார்.

பால்காரர் விடவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்:

"அண்ணன் வளக்கிற புல்லை ஒருதரம் போய்ப் பாருங்க, மருந்துக்குக்கூட ஒரு களை இருக்காது! அப்படி என்னதான்ணே அடிக்கிறீங்க?"