மூன்றாவது மேப்

காடுமேடெல்லாம் ஓடும் ஜீப்புக்கு ஜிபிஎஸ் வாங்க வந்தவர், எந்த மேப் சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்கவில்லை. ஒரு பரீட்சை வைத்தார்.

"எங்க மலைவீட்டுல இருந்து கீழ டவுனுக்கு, ஆத்துப் பாலத்துப் பக்கமே போகாம இறங்க வழி இருக்கா பாருங்க தம்பி."

முதல் மேப் கையை விரித்தது. இரண்டாவதும் அப்படியே. கடைக்காரனுக்கு மானம் போனது. வந்தவர் முகத்திலோ, ஏனோ, ஒரு நிம்மதி.

"இருங்க சார், இன்னொண்ணு இருக்கு. டிராக்டர் போன தடத்தைக்கூட விடாது."

"வேண்டாம் தம்பி, இதுவே போதும்."

கடைக்காரன் கேட்டால்தானே? மூன்றாவது மேப்பில் மலைவீட்டுத் தோப்புக்குப் பின்னால் பச்சைக் கோடு ஒன்று நெளிந்து இறங்கி டவுனைத் தொட்டது.

"பாத்தீங்களா சார்! அரை மணி நேரத்துல இறங்கிடலாம்!"

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அதை மூடிடுங்க தம்பி. என் சம்சாரம் வர்றா."

வெளியே ஜீப்பில் காத்திருந்த அம்மாள் உள்ளே வந்து, நேராகக் கடைக்காரனிடம் கேட்டாள்.

"வேற வழி இருந்துச்சாப்பா? அன்னைக்குப் பாலத்து மேல வெள்ளம். வடியட்டும், காத்திருப்போம்னு நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள என் மடியிலேயே எங்க பொண்ணு..."

கடைக்காரன் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எல்லா மேப்புலயும் தேடிட்டேம்மா. வேற வழியே கிடையாது."