மூன்றாவது பிணம்

மூன்றாவது பிணம் மூச்சு விட்டது.

கிரிம்ஸ்பி துறைமுகத் தொழிலாளர் மன்றத்தில் ஞாயிறு மதியம் படம் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அதைக் கவனித்துவிட்டார்கள்.

லண்டனையே நடுங்க வைத்த தொடர் கொலைகாரனின் கதை என்றுதான் சுவரொட்டி சொன்னது. கிரிம்ஸ்பியிலேயே எடுத்த அந்த லண்டனில் காட்சிக்குக் காட்சி கடற்பறவை கத்தியது. கொலைகாரனுக்கும் துப்பறிபவனுக்கும் சேர்த்து ஒரே மழைக்கோட்டு வாங்கத்தான் காசு இருந்ததால், யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

அதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. மீன் கிடங்கின் தரையில் கழுத்தறுபட்ட பிணமாக நடித்த உள்ளூர்க்காரர் க்ளைவின் தொப்பை மட்டும் ஏறி ஏறி இறங்கியதும் கூடம் கட்டுமீறிச் சிரித்தது.

"அந்தப் பொணத்துக்கு ஒரு பீர் குடுங்கப்பா, பாவம், ரொம்ப உழைக்குது" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

படத்தை எடுத்த டேல், கடைசிச் சுவரோரம் கணினிக்குப் பின்னால் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான். லீட்ஸில் கம்பளம் விற்றுக்கொண்டே இரண்டு வருடம் வெட்டி ஒட்டிய படம். வெளியூரில் எல்லாரும் கழுவி ஊற்றிவிட்டார்கள். பிறந்த ஊராவது கொஞ்சம் தாங்கும் என்று நினைத்து அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தான்.

முன்வரிசையில் க்ளைவின் மனைவி கெய்னர் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. மனிதர் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிட்டார் என்று டேலுக்குத் தோன்றியது.

தோன்றாமல் எப்படி இருக்கும்? சளியோடு வந்து, குளிரில் ஈரத்தரையில் படுத்து, ஒரு தட்டு மீனும் சிப்ஸும் தவிர எதுவும் வாங்காமல் நடித்துக் கொடுத்தவர். அவரைப் பார்த்து ஊரே சிரிக்கும்படி ஆகிவிட்டது. கெய்னர் வாயைப் பொத்தியிருந்தாள். தோள்கள் குலுங்கின. டேலுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. எல்லாரும் பீர் வாங்க எழுந்தார்கள். டேல் நேராக அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டான். நல்ல சேதியும் வைத்திருந்தான். இணையத்தில் வரப்போகும் பிரதியில் அந்தத் தொப்பையைக் கணினியிலேயே நிறுத்தியாகிவிட்டது, நாளைக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"க்ளைவ்கிட்ட சொல்லுங்க. இனிமே ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க."

கெய்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்து வந்த கண்ணீர்தான்.

"அதை அனுப்பாத, கண்ணு. அவரு அசையாம கெடந்ததை நான் மார்ச் மாசமே பாத்துட்டேன்."

அந்தச் சாவுச் சேதியை டேலுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவள் அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவருக்கு அது பிடிக்கும் என்றாள்.

டேல் திரும்பிப் போய் விளக்கை அணைத்தான்.

பீரோடு வந்து உட்கார்ந்தவர்கள் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கெய்னர் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

திரையில் க்ளைவ் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.