சிலிக்கான் சிவப்பு

கள்ளக்குறிச்சி தானிய மண்டிக்குள், தீனதயாளனின் அக்காள் மகள் இலக்கியா சிலிக்கான் வில்லை ஒன்றை மேசையில் வைத்து ஊதா விளக்கைப் பிடித்தாள். வில்லை தணலாகச் சிவந்தது.

"எங்க லேப்ல இதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க போட்டிருக்கோம், மாமா. சாராயத்துல மெத்தனால் விஷம் இருந்தா இந்தச் சிவப்பு அணைஞ்சிடும்."

"நேத்துகூட ஒரு பாட்டில் குடிச்சேன். குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?" என்று சிரித்தார் மண்டிக்காரர் தீனதயாளன். "சரி, பந்தயம் வெச்சிக்கலாம். இது இன்னிக்கு மலையிலேர்ந்து வந்த வேற பாட்டில். அணையலன்னா குடிப்பேன். அணைஞ்சா ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்."

பாட்டிலைத் திறந்து வில்லையருகே வைத்தார். கண்களைக் கசக்கிக்கொண்டு குனிந்தார்.

"அடடே, அணைஞ்சிடுச்சே! தோத்துட்டேன், கொட்டிடு. அதுக்காக மண்டி லைட்டையும் ஏம்மா அணைச்ச?"

இலக்கியா மறுகையால் கைபேசி விளக்கை அவர் கண்ணுக்கு நேரே காட்டினாள். இமை அசையவில்லை.

"வில்லை, மண்டி லைட்டு ரெண்டும் எரிஞ்சிக்கினுதான் இருக்குது, மாமா. நேத்து குடிச்ச பாட்டில் எங்க?"