கண்ணாடிக் கால் ஹாலோரன்

அமெரிக்காவின் மில்வாக்கி நகர மதுக்கடையில் பேஸ்பால் கற்பனை அணிகளுக்கு ஏலம்; நிஜ வீரர்களை ஏலத்தில் எடுத்தால், அவர்கள் மைதானத்தில் ஆடுவதை வைத்து எடுத்தவருக்குப் புள்ளி. "ஹாலோரன்" என்று அடுத்த வீரனின் பெயர் வந்ததும் லெஸ்டர் சீறினார்.

"அவனா? போன ஏப்ரல்ல தொடையில அடி, ஜூன்ல மணிக்கட்டு. தும்மினாலே மூணு வாரம் படுத்துக்குவான். தொலையட்டும், ஒரு டாலருக்கு நானே எடுத்துக்கறேன்."

"வருஷா வருஷம் திட்டித் திட்டியே அவனை மலிவா அமுக்கறே, பெரிசு," என்று இளித்தான் டேரில். "முப்பது."

லெஸ்டரிடம் மிச்சம் நாலே டாலர். மேசையைக் குத்திவிட்டு வெளியே வந்து போன் செய்தார்.

"இந்த வருஷம் உன்னை ஒரு நாய் தூக்கிட்டுப் போயிட்டான்டா. இனிமே உனக்கு அடிபட்டா ராப்பகலா இன்டர்நெட்ல உன்னைத் திட்டி எழுதுவான். என்கிட்ட இருந்தா அந்தத் தொல்லை இல்லை."

ஹாலோரன் என்ற தாயின் குடும்பப் பெயரில் ஆடும் மகன் சிரித்தான். "விடுங்கப்பா. தொடை சரியாயிடுச்சு."

"அப்ப ஒரு ஆட்டம் விடாம ஆடு," என்று கத்தினார் லெஸ்டர். "அந்த நாயே ஜெயிச்சுத் தொலையட்டும்."