படகு வராத நாள்

"போதும் மில்கா, இதுக்கு மேல பூசினா உதடே தேஞ்சிடும்," என்றார் யாகோப்.

மில்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கார் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, இன்னொரு தடவை சிவப்புச் சாயம் பூசிக்கொண்டாள். மடியில் ஒரு டப்பா நிறைய வால்நட் வைத்த இனிப்பு ரொட்டி.

"எனக்கு சர்க்கரைன்னு அதைக் கண்ணுலயே காட்டமாட்டே. இன்னைக்கு மட்டும் யாருக்காம்?"

"விருந்தாளிக்கு."

விருந்தாளியாம் விருந்தாளி! வின்கோ என்று சொன்னால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? அக்கார்டியன் வாசித்தே நாடு முழுக்கப் பேர் வாங்கியவன், நாற்பத்தைந்து வருஷம் கழித்து இன்றுதான் கிளீவ்லாந்துக்குத் திரும்பி வருகிறான்.

ஆற்றின் மேல் அண்ணாந்தபடி நிற்கும் பழைய ரயில் தூக்குப் பாலத்துக்கு இன்று விழா. கடைசி ரயில் போய் இருபது வருஷம் ஆகிறது. அதன் வரலாற்றை எழுதி அக்கரையில் ஒரு பலகை வைக்கிறார்கள். படகு வந்தால் தூக்கி, ரயில் வந்தால் இறக்கி, அந்தப் பாலத்தோடு முப்பது வருஷம் மாரடித்தவர் யாகோப். ஆனால் முதல் அழைப்பு போனது வின்கோவுக்கு. யாகோபுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

காரை இக்கரையில் விட்டுவிட்டு, அந்தக் காலத்திலிருந்தே பக்கத்தில் இருக்கும் ரோட்டுப் பாலத்தில் நடந்தார்கள். முழங்கால் வலி என்று தினமும் புலம்புகிறவள் ஐந்தே நிமிஷத்தில் அக்கரை போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"மாடிப்படி ஏறச் சொன்னா மட்டும் வலி வந்துடும்!" என்று முணுமுணுத்தபடி பின்னாலேயே போனார் யாகோப்.

வின்கோ வெள்ளை சூட்டில் வந்து இறங்கினான். நேராக வந்து மில்காவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான்.

"அப்படியே இருக்கியே மில்கா!"

"நீயும் அப்படியேதான் இருக்கே. பொய் கூட மாறல," என்று அவள் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். யாகோப் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை.

பலகைக்கு வரலாறு எழுதிய ஹேசல் என்ற பெண் அப்போதுதான் ஒரு பழைய பதிவேட்டோடு ஓடி வந்தாள்.

"சார், நீங்க எழுதினதுதானே இது? 1956 செப்டம்பர் ஒன்பது, சாயங்காலம் ஆறு பத்து. அம்பது நிமிஷம் பாலத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க. எந்தப் படகுன்னு மட்டும் எழுதலையே?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் யாகோப் இத்தனை வருஷம் பயந்திருந்தார். பதில் தெரிந்தால் மில்கா தன் முகத்தில் முழிக்கவே மாட்டாள் என்று அவருக்கு நிச்சயம்.

"செப்டம்பர் ஒன்பதா?" வின்கோ பரபரத்தான். "நான் ஊரை விட்டுப் போன நாளாச்சே! நானும் மில்காவும் சேர்ந்து ஓடிப்போறதா இருந்தோம். இந்தக் கரை ஸ்டேஷன்ல ரெண்டு டிக்கெட்டோட நின்னேன். இவ வந்த ரயில் அந்தக் கரையிலயே மாட்டிக்கிச்சு. ஏழு மணி வண்டியில நான் தனியா போனேன். எந்தப் படகுய்யா அது, என் தலையில மண்ணைப் போட்டது?"

எல்லாரும் யாகோபைப் பார்த்தார்கள். பேர் மறந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் வின்கோவின் கை மில்காவின் தோளில் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"படகே வரலடா!" என்று கத்தினார். "அந்த ரயில்ல இவ வர்றான்னு எனக்குத் தெரியும். எப்படியும் அவளை உன்கிட்ட விடக்கூடாதுன்னுதான் தூக்கினேன். உன் வண்டி கிளம்பின அப்புறம்தான் இறக்கினேன். போதுமா?"

வின்கோவின் முகம் சிவந்தது.

"அடப்பாவி! இவளை ஏமாத்தியா கட்டிக்கிட்டே? கேட்டியா மில்கா? இவன் மட்டும் பாலத்தைத் தூக்காம இருந்தா நீ என்கிட்ட வந்திருப்பே!"

யாகோப் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பத்தைந்து வருஷக் குடும்பம் இன்றோடு போயிற்று என்றே நினைத்தார்.

மில்கா தோளில் கிடந்த கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"நின்னது ரயில்தானே வின்கோ, அஞ்சு நிமிஷம் நடந்து வர எனக்குக் காலா இல்ல?"