ஒண்ணு, ரெண்டு, மூணு, வா

அவள் ஹெட்போனை மாட்டினாள். உள்ளே அவள் குரலே எண்ணிக்கொண்டிருந்தது.

ஒண்ணு, ரெண்டு, மூணு, வா.

நாலு என்று சொல்ல மாட்டாள். நாலு இழுக்கும், வா என்றால் பொட்டென்று விழும் என்பது அவள் கட்சி. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பயிற்சி செய்த காலத்தில் ஜெரோம் அதைத் தன் போனில் பதிந்துகொண்டான். பாட்டு அவன். ட்ரம்ஸ் அவள். இசைக்குழுவுக்குக் கறுப்புத்தொட்டி என்று பெயர் வைத்தார்கள்.

தொட்டி அவள் வீட்டுடையது.

இப்போது அது மேடைக்குப் பின்னால் பெரிய பேனரில் நிற்கிறது. அதற்குக் கீழே நான்கு முகங்கள். அவள் முகம் இல்லை.

அவள் இன்று சவுண்ட் கம்பெனி ஆள். மேடையில் யார் காதில் என்ன கேட்க வேண்டுமோ அதை அனுப்புவது வேலை. எந்தக் குழு வாசிக்கப் போகிறது என்பதை வண்டி கோயம்புத்தூர் கல்லூரிக்குள் நுழைந்த பிறகுதான் சொன்னார்கள். திரும்பிப் போக வேறு வண்டி இல்லை.

“அக்கா, அந்த ஒண்ணு ரெண்டு கவுண்ட்ட இன்னும் கொஞ்சம் ஏத்துங்க. அது இல்லாம எங்களுக்குப் பாட்டே எடுக்க வராது.”

திலீபன். அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ட்ரம்மர். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

“யாரு வாய்ஸ் இது?”

“தெரியலக்கா. நெட்ல ஃப்ரீயா கெடச்சதுன்னு ஜெரோம் அண்ணன் சொன்னாரு.”

அவள் ஏற்றினாள்.

ஃப்ரீ.

மியூசிக் கம்பெனிக்காரர்கள் வந்த வாரம், ஜெரோம் அவளை டீக்கடைக்குக் கூப்பிட்டான். உன் டைமிங் ஆடுதாம் என்றான். தனக்கு ஒன்றும் தெரியாது, யாரோ சொல்கிறார்கள் என்பது மாதிரி. அவள் டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதை நினைத்தால் இன்றும் அவமானமாக இருக்கிறது.

ஆடுகிற டைமிங்கை வைத்துத்தான் ஊர் ஊராகப் பாட்டெடுக்கிறார்கள்.

ஜெரோம் மேடைக்கு வந்தான். அவளைப் பார்த்தான். கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை.

“என் வாய்ஸ கொஞ்சம் கூட்டுங்க” என்றான் மைக்கில்.

அவளை டேய் என்று மட்டுமே கூப்பிட்டவன்.

கூட்டினாள்.

பொழுது சாயும்போது மைதானம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் பெண்கள் தொட்டிப் படம் போட்ட பனியன் அணிந்திருந்தார்கள். ஜெரோம் கையை உயர்த்தினான். அவர்களைப் பெரிய ஆளாக்கிய பாட்டு. அதன் முதல் தாளத்தை அவள் தன் வீட்டு பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துக் கண்டுபிடித்தாள்.

எண்ணும் குரல் இருந்த மடிக்கணினியில் திலீபன் பட்டனைத் தட்டினான்.

அவள் தன் குரலை அணைத்தாள்.

நால்வர் காதிலும் டிக் டிக் என்ற வெறும் தாளச் சத்தம் மட்டும் ஓடியது. எங்கே நுழைவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. திலீபன் குச்சிகளைத் தூக்கியபடியே இருந்தான். கிடார்காரன் திலீபனைப் பார்த்தான். கூட்டம் விசிலடித்தது.

ஜெரோம் திரும்பினான். கண்ணாடியைக் கழற்றினான்.

இதற்குத்தான் அவள் காத்திருந்தாள். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

ஆனால் டிக் டிக் நிற்கவில்லை. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. ஜெரோமுக்காக இல்லை. அந்த பக்கெட்டுக்காக.

மேடைக்காரர்களின் காதில் மட்டும் கேட்கும்படி பேச, அவளிடம் ஒரு சிறிய மைக் உண்டு. அதன் பட்டனை அழுத்தினாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு…”

வா என்ற சொல் வாயில் வரவில்லை.

“போ.”

ட்ரம்ஸ் இறங்கியது. கிடார் சேர்ந்தது. ஜெரோம் மட்டும் முதல் வரியைத் தவறவிட்டான்.

கூட்டம் அதைப் பாடியது. தங்களுக்காகத்தான் விட்டுக்கொடுத்தான் என்று நினைத்துவிட்டது. அவன் சட்டென்று மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினான். மைதானமே குதித்தது. அவனுக்கு எது விழுந்தாலும் நேராகத்தான் விழும்.

திலீபன் மட்டும் அடித்துக்கொண்டே அவள் பக்கம் தலையைத் திருப்பினான். தினமும் காதில் கேட்ட குரல். பாட்டு முடியும்வரை அடிக்கடி திரும்பிக்கொண்டே இருந்தான்.

கைதட்டல் அடங்கியதும் அவன் மடிக்கணினியை மூடினான். காதில் இருந்ததைப் பிடுங்கிக் கழுத்தில் தொங்கவிட்டான்.

குச்சியைக் குச்சியில் தட்டினான்.

ட்ரம்ஸ் மைக் வழியாக அது அவள் ஹெட்போனில் வந்தது. கூடவே திலீபனின் சற்றுக் கரகரத்த, புதிய குரல்.

ஒண்ணு, ரெண்டு, மூணு, வா.

நால்வரும் ஒன்றாக நுழைந்தார்கள். டைமிங் சரியாக இருந்தது.

அவள் சவுண்ட் மிக்சரைப் பார்த்தாள். அவள் குரல் இருந்த வரிசையில், அணைத்திருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைத் திறந்துவிடச் சொல்லி நிகழ்ச்சி முடியும்வரை ஒருவரும் கேட்கவில்லை.